மின்னல் குந்திய படகு

எங்கள் தெருவுக்குச் சொந்தமாக ஒரு படகு இருக்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். "வேலப்பன்சாவடிக்குக் கடல் எப்ப வந்துச்சு?" என்று என் தங்கை வீட்டுக்காரரே கேட்டார். ஒரு கார்த்திகை மாதம் எங்கள் தெருவில் வந்து குடியிருந்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும். கூவத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிற தெரு இது. ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று டிவியில் சொல்வதற்கு முன்பே எங்கள் வீட்டுக் கக்கூஸ் பொங்கிச் சொல்லிவிடும். மிக்ஜாம் புயலில் இடுப்பளவு தண்ணீரில் கிடந்து நொந்த பிறகு, தெருச் சங்கத்தில் எல்லாரும் கூடி, எங்கேயோ மூடிப்போன ரிசார்ட் ஒன்றிலிருந்து பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கி வந்தார்கள்.

வாங்கி வந்து எங்கள் வீட்டுப் பக்கவாட்டு ஷெட்டில் நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரர் அப்துல் கையூம் பூந்தமல்லியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். "கரண்டு வேல தெரிஞ்சவரு நம்ம பாய்தான்" என்று சங்கச் செயலாளர் பரந்தாமன் பொறுப்பை இவர் தலையில் கட்டினார். யார் எதைத் தலையில் கட்டினாலும் இந்த மனுஷர் தொப்பி மாதிரி சரிசெய்து போட்டுக்கொள்வார். பின்பக்கம் பேட்டரியில் ஓடும் மோட்டார், முன்பக்கம் ஒரு லைட், ஒரு ஹாரன், உள்ளே சேரும் தண்ணீரை இறைத்துக் கொட்ட ஒரு பம்பு, இதற்கெல்லாம் ஒரு சுவிட்சுப் பலகை என்று எல்லாவற்றையும் தானே பொருத்தினார்.

துடுப்புப் போட்டால் போதாதா, மோட்டார் எதற்கு என்று கேட்பீர்கள். போதாது. தெருமுனையில் ஒரு பள்ளம் இருக்கிறது. வெள்ளம் வந்தால் அந்த இடத்தில் தண்ணீர் குறுக்கே இழுத்துக்கொண்டு கூவத்துக்கு ஓடும். புயலின்போது லாரி டியூபைக் கட்டிக் கம்பு ஊன்றிப் போனவர்கள் அந்தப் பள்ளத்தில் அடித்துக்கொண்டு போய், ஒரு தென்னை மரத்தைக் கட்டிப் பிடித்துத்தான் உயிர் பிழைத்தார்கள். அந்த டியூபில் படுக்கவைத்துக் கொண்டுபோனது எங்கள் அடுத்த வீட்டுக் கோவிந்தராஜ் அண்ணனைத்தான்.

கோவிந்தராஜ் அண்ணன் ஆவடி பாக்டரியில் டாங்கிகளுக்கு ஒயரிங் செய்து ரிடையர் ஆனவர். குவார்ட்டர்ஸை விட்டு வந்து எங்கள் பக்கத்தில் வீடு கட்டினார். கட்டி முடித்ததும் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை ஹைரோட்டு மேல் இருக்கிற ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். புயலில் தவறியது. எமன் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். அதனால் படகு பேருக்குத்தான் தெருவுக்கு; உள்ளபடிக்கு அது அவர் ஒருத்தருக்காக நிற்கிற படகு. இது தெருவில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் ஒரு நாள் அவர் மனைவி புஷ்பாக்கா என் அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு அழுதார்.

"போதும்ன்றாரு அஷ்ரஃபு. தீபாவளி வரிக்கும் போறேன், உன் ஆசைக்கு. அப்பால என்ன உட்ருன்றாரு. சொவத்தப் பாத்துகினே படுத்துகினு கீறாரு. கூப்ட்டாகூட திரும்ப மாட்டேன்றாரு."

டீயைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு மனுஷன் ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கையைக் காட்டி போதும் என்றால் அவரிடம் எந்த வாயால் பேசுவது? எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆயுத பூஜை அன்று புஷ்பாக்கா படகுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலை படைத்தார். தெருப் படகு, வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்? இவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அப்புறம் பொரியை மடியில் வாங்கித் தின்றார்.

அடுத்த வாரம் மின்னல் அடித்தது. சாயங்காலம், மழை இன்னும் ஒழுங்காக விழக்கூட இல்லை. ஷெட்டை ஒட்டி நின்ற தென்னை மரத்தின் தலை தீப்பந்தம் மாதிரி எரிந்தது. படகின் பேட்டரி சார்ஜ் ஏறுவதற்காக வீட்டிலிருந்து ஒயர் இழுத்திருந்தோம். அந்த ஒயர் வழியாக வீட்டுக்குள்ளும் வந்து டிவி, ஃபிரிட்ஜ், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. மிக்சி மட்டும் எப்படியோ தப்பியது. ஷெட்டில் ரப்பர் கருகிய வாடை. சுவிட்சுப் பலகை பாதி கரி. எங்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

"எல்லாம் என்னாலதான்" என்றார் புஷ்பாக்கா. "எலுமிச்சம்பயத்த அடியில வெச்சி நசுக்காம உட்டுட்டேன்."

"படகு எப்டிக்கா எலுமிச்சம்பயத்து மேல ஏறும்? அதுக்கு இன்னா டயரா கீது?" என்றேன். அவருக்கு அது சமாதானமாகவில்லை.

பரந்தாமன் காசிமேட்டிலிருந்து தேவராஜ் என்று ஒருவரை அழைத்து வந்தார். விசைப்படகுகளுக்கு ஒயரிங் பார்க்கிறவர். அவர் பலகையை மோந்து பார்த்தார், ஒயரை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"மின்னல் அடிச்ச படக நம்பக் கூடாதும்மா" என்றார் என்னிடம். "இன்னிக்கு ஓட்ற சாமான் நாளிக்கு மூஞ்சத் திருப்பிக்கும். மின்னல் எங்கனா உள்ள குந்திகினு இருக்கும். எப்ப எயுந்துக்கும்னு எவனாலயும் சொல்ல முடியாது."

சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். எனக்கு அன்றைக்குப் பிடித்தது கிலி. படகைக் கடந்து கொல்லைக்குப் போகும்போதெல்லாம் உள்ளே யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கும். ஓதி ஊதிவிட்டுப் போவேன்.

இவர் ரிச்சி தெருவுக்குப் போய் சார்ஜர், மோட்டாரை ஓட்டுகிற பெட்டி, லைட், ஒயர்ச் சுருள் எல்லாம் வாங்கி வந்தார். ஹாரனைக் கழற்றிப் பார்த்து, அது நன்றாகத்தான் இருக்கிறது என்று மறுபடி மாட்டினார். காயில் கட்டுவதில் இவர் கெட்டிக்காரர், ஆனால் ஒயர் போட்டால் நூடுல்ஸ்தான். எங்கே போய் எங்கே வருகிறது என்று போட்டவருக்கே தெரியாது. ஒரு நாள் முழுக்க முட்டி மோதிவிட்டு, மதில் மேல் கையை வைத்துக் கூப்பிட்டார்.

"அண்ணாத்தே, இந்தப் பொட்டில மூணு காலு கீது. எது எங்க போவும்?"

மறுபடி கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. லுங்கியும் முண்டா பனியனுமாகக் கோவிந்தராஜ் அண்ணன் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். எத்தனை நாள் கழித்து அவர் வெயிலைப் பார்த்தாரோ, கண் கூசி நின்றார். ஷெட்டுக்குள் வந்து பலகையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு அருவருப்பு வந்தது.

"இன்னா பாய் இது, கொசுவல கட்டி வெச்சிகிற? டாங்கில இந்த மாறி ஒயர் போட்டா அது நம்மாளுங்களயே சுடும்."

ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். மறுநாள் டயாலிசிஸ் முடித்து வந்தவர் படுக்கக்கூட இல்லை, நேரே ஷெட்டுக்கு வந்தார். ஒவ்வொரு ஒயருக்கும் நம்பர் போட்டுச் சின்ன வளையம் மாட்டினார். இவர் இழுப்பார், அவர் திட்டுவார். அவர் வரைவார், இவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். சாயங்காலம் ஆனால் எனக்கு டீ போட்டு மாளாது.

படகு தயார் ஆனது. லைட் எரிந்தது, பம்பு இறைத்தது, மோட்டார் டிரம்மில் வைத்த தண்ணீரை நன்றாகப் பின்னுக்குத் தள்ளியது. ஹாரன் மட்டும் யாரும் தொடாமலே எப்போதாவது ஒரு தடவை பீ என்று விட்டுவிட்டு அடங்கும். அதைத் தவிர எல்லாம் ஒழுங்கு.

மறுநாள் எல்லாம் நாஸ்தி. பம்பு ஓடவில்லை. உட்கார்ந்து சரிசெய்தார்கள். அதற்கடுத்த நாள் லைட்டுக்கு ப்யூஸ் போயிருந்தது. அதையும் மாற்றினார்கள். அப்புறம் மோட்டார். முன்னால் போகவேண்டிய மோட்டார் பின்னால் சுற்றியது. டிரம்மிலிருந்த தண்ணீர் மொத்தமும் இவர் மேல் கொட்டியது. சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டினால் இப்படித்தான் திரும்பிச் சுற்றும் என்று எனக்கே தெரிந்துபோனது. அத்தனை தடவை அதைக் கழற்றி மாட்டினார்கள். இன்றைக்குச் சரியாக்கினால் நாளைக்குத் திரும்பும்.

"தேவராஜ் சொன்னது சரிதாங்க. உள்ள குந்திகினு கீது" என்றேன்.

"இருக்கும் இருக்கும்" என்றார் இவர். கோவிந்தராஜ் அண்ணனும் தலையை ஆட்டினார்.

ஒரு நாள் எந்தப் பழுதும் இல்லாமல் எல்லாம் ஒழுங்காக ஓடியது. நான் சந்தோஷத்தில் கேசரி கிளறலாமா என்று கேட்கத் திரும்பினேன். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. "அதெப்டி ஓடும்?" என்று கோவிந்தராஜ் அண்ணன் முணுமுணுத்தார். "அதான, எப்டி ஓடும்?" என்றார் இவர். ஓடினால் எதற்கு இழவு வீடு மாதிரி நிற்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. கேசரியும் கிளறவில்லை.

பரந்தாமன் வந்து, "இத வித்துட்டு காத்தடிக்கிற ரப்பர் படகு வாங்கிக்கலாம் பாய்" என்றார். நான்தான் அவரைக் கத்தி அனுப்பினேன். தீபாவளி வந்தது, போனது. கோவிந்தராஜ் அண்ணன் போதும் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரி நாளில் கிளம்பிப் போனார், வந்தார். புஷ்பாக்கா அதைப் பற்றிக் கேட்கவே பயந்தார். நானும் கேட்கவில்லை. இருக்கிறது இருக்கட்டும், கிளறக் கூடாது.

அப்புறம்தான் ஒரு நாள் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுக் கொல்லைக்குப் போனேன். இவர் கடைக்குப் போயிருந்தார். ஷெட்டுக்குள் கோவிந்தராஜ் அண்ணன் கையில் டெஸ்டரோடு குனிந்திருந்தார். வேலை பார்க்கிறாராக்கும் என்று நினைத்தேன். பார்த்தால், நன்றாக இருக்கிற பம்பு ஒயரைத் தளர்த்தி, கழன்றது தெரியாமல் பழையபடி சொருகி வைக்கிறார்.

நேரே ஷெட்டுக்குள் போனேன்.

"இன்னாண்ணே பண்றீங்க? இது யாரு போறதுக்குப் படகு? உங்க உசுரு போறதுக்கு நீங்களே ஓட்ட போட்றீங்களா?"

அவர் பதறி எழுந்தார். டெஸ்டர் கீழே விழுந்தது.

"பாய்கிட்ட சொல்லாதம்மா" என்றார். "உனக்குப் புண்ணியமா போவும்."

"சொல்லாம இன்னா பண்றது?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"முடிஞ்சிட்டா நான் எதுக்கு இங்க வர்றது? சும்மா வந்து குந்திகினா பாயும் நல்லா பேசுவான். ஆனா அது சீக்குக்காரனப் பாத்துப் பேசற பேச்சு. எனக்கு அது வோணாம். திட்டிகினு வேல பாக்கறப்போ நான் சீக்குக்காரன்ற நெனப்பே வரல்லம்மா. அதுக்காவதான் ஆஸ்பத்திரிக்கும் போயினு வர்றேன்."

கீழே கிடந்த டெஸ்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய், எதற்கென்று தெரியாமல் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். அப்படியென்றால் மின்னல் இல்லை, அண்ணன்தான். பம்பு, ப்யூஸ், மோட்டார், தானாகக் கத்துகிற ஹாரன், எல்லாம் அவர் கைவேலை. பாவி மனுஷன் என்று நினைத்தேன்.

மறுநாள் விடியற்காலை ஃபஜ்ர் தொழுகை முடிந்து இவர் பள்ளிவாசலிலிருந்து வர நேரமானது. வாசலில் செருப்பு கிடக்கிறது, ஆளைக் காணோம். ஷெட்டில் வெளிச்சம். போனைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கி டார்ச் அடித்துக்கொண்டு, மோட்டாரின் சிவப்பையும் கறுப்பையும் கழற்றி இடம் மாற்றி மாட்டிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர்.

"யா அல்லா" என்றேன். "நீங்களுமா?"

அவருக்கு அந்த 'உம்' காதில் விழவில்லை, நல்லவேளை. சின்னப் பிள்ளை மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கத்தாதடி. அண்ணாத்தேக்கு கேட்ரும்."

"எதுக்குங்க?"

"முடிச்சிட்டம்னா அந்தாளு மறுபடி போயி சொவத்தப் பாத்து படுத்துக்குவாரு. தீபாவளிக்கு அப்பால போவ மாட்டேன்னவரு. நீதான சொன்ன. இப்ப போறாரா இல்லியா? இந்த மோட்டாரு பின்னால சுத்தற வரிக்கும் அவரு முன்னால போவாரு. அவருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும், சொல்லிடாத."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அன்றைக்கு ஒழுங்காக ஓடியது ஏன் என்றும் அப்போதுதான் புரிந்தது. ஒருத்தர் காலையில் திருப்பியிருக்கிறார், இன்னொருத்தர் மத்தியானம் திருப்பியிருக்கிறார். இரண்டு பைத்தியங்களுக்கு நடுவில் நான் ஒருத்தி டீ போட்டுக்கொண்டு மின்னலுக்குப் பயந்து ஓதி ஊதிக்கொண்டிருந்திருக்கிறேன். ஹாரன் யார் வேலை என்று மட்டும் தெரியவில்லை. இரண்டு பேரில் யாராவது ஒருத்தர்தான், வேறு யார்?

அன்றைக்கே புஷ்பாக்கா வீட்டு டிவியில் புயல் என்றார்கள். வானம் மண்ணூர்பேட்டைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. விளையாட்டெல்லாம் போதும் என்று முடிவு செய்தேன். இவரிடம் போய், "மோட்டாரு பின்னால சுத்துது. மய வருது. ஒயுங்கா மாட்டிட்டுக் கடைக்குப் போங்க, இல்ல எல்லாத்தயும் சொல்லிடுவேன்" என்றேன். அப்படியே மதில் பக்கம் போய், கோவிந்தராஜ் அண்ணனிடமும் அதையே சொன்னேன். அவர் விழித்தார்.

"மோட்டாரு நேத்து நல்லாத்தானம்மா சுத்துச்சு? நான் பம்பத்தான தொட்டேன்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பின்னால சுத்துது. பாய் வர்றதுக்குள்ள ஒயுங்கு பண்ணிடுங்க. ஓட்டிப் பாக்காதீங்க, சத்தம் கேட்டா தெருவே வந்துடும்."

யார் எதைச் செய்தார்கள் என்று நான் எங்கே கணக்கு வைப்பது? இரண்டு பேருக்கும் சொல்லிவைத்தால் யாராவது ஒருத்தர் செய்வார் என்றுதான் நினைத்தேன். இவர் மாட்டிவிட்டுக் கடைக்குப் போனார். மத்தியானம் மதில் பக்கம் நிழல் ஆடியது. மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் ஷெட்டில் யாரும் உட்காரவில்லை. என் மனசு நிம்மதியாக இருந்தது.

மழை விடவே இல்லை. ஏரியைத் திறந்தார்கள். கக்கூஸ் முன்பே சொல்லிவிட்டது. விடியும்போது ஷெட்டுக்குள் படகு தானாக மிதந்துகொண்டிருந்தது, தெருவில் என் இடுப்புக்குத் தண்ணீர். அன்றைக்குத்தான் அவர் ஆஸ்பத்திரி நாள். வீங்கின முகத்தோடு, மருந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, புஷ்பாக்கா தோளைப் பிடித்து வந்தார். இவர் இரண்டு பேரையும் ஏற்றி உட்காரவைத்து, பின்னால் உட்கார்ந்து மோட்டாரைப் போட்டார்.

படகு பின்னால் போய் மதிலில் முட்டியது.

இவர் மறுபடி போட்டார். மறுபடி பின்னால். நிறுத்திவிட்டு மோட்டாரையே வெறித்துப் பார்த்தார்.

"இல்ல… இது நேத்து…" என்றார், நிறுத்திக்கொண்டார்.

"நேத்து நானு…" என்று ஆரம்பித்த கோவிந்தராஜ் அண்ணனும் வாயை மூடிக்கொண்டார்.

தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு பேரையும் பார்த்தேன். தன் கையால் சரியாக மாட்டியது தனக்குத் தெரியும் என்று ஒவ்வொருத்தருக்கும் நெஞ்சுக்குள் உறுதி. சரியாக மாட்டியது பின்னால் போனால் அது கை செய்த தப்பு இல்லை, நிஜமாகவே மின்னல்தான்.

"ஒயர மாத்தினா இப்ப முன்னால போவும்" என்றார் இவர் மெதுவாக. "ஆனா காரணம் தெரியாம எப்டி எடுத்துகினு போறது? நடுப் பள்ளத்துல போயி மறுபடி திரும்பிச்சுன்னா நேரா கூவந்தான். அக்கா வேற கீறாங்க."

கோவிந்தராஜ் அண்ணன் தண்ணீரைப் பார்த்தார். புஷ்பாக்காவைப் பார்த்தார். பிறகு படகின் விளிம்பைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார்.

"உட்ரு பாய். போதும்."

அந்த ஒரு வார்த்தை. புஷ்பாக்கா வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மானமாவது மண்ணாங்கட்டியாவது.

"குந்துங்கண்ணே" என்று கத்தினேன். "மின்னலும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. இந்த மனுசன் காலம்பற காலம்பற எயுந்து மோட்டாரு ஒயர மாத்தி வெக்கிறாரு, நீங்க மறுபடி படுத்துக்கக் கூடாதுன்னு. நீங்க மத்தியானத்துல வந்து அவுக்கறீங்க, இங்க வந்து குந்தறதுக்கு ஒரு சாக்கு வோணும்னு. நேத்து நான்தான் ரெண்டு பேர்கிட்டயும் மோட்டார ஒயுங்கு பண்ணச் சொன்னேன். இவரு ஒயுங்கு பண்ணாரு. ஒயுங்கா கீறத நீங்க மறுபடி ஒயுங்கு பண்ணீங்க. அவ்ளோதான். இப்ப ரெண்டு பேரும் என்ன இன்னா வோணா திட்டுங்க, ஆனா போயினே திட்டுங்க."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் படகின் தரையைப் பார்த்தார்கள். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். பெண் பார்க்க வந்த இடத்தில்கூட இவர் அப்படி உட்கார்ந்ததில்லை.

கோவிந்தராஜ் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ப்யூஸு?"

"அது நானு" என்றார் இவர்.

"செத்த ப்யூஸ மாட்டி வெச்சியா? நான் அர நாளு தேடினன்யா."

"பம்பு?" என்று இவர் கேட்டார்.

"நானு."

"மோட்டாரு, நடுவுல ஒரு நாளு நல்லா ஓடிச்சே?"

"அன்னிக்கு நானும் மாத்தினேன்."

இவர் ஒரு சத்தம் போட்டார். இருமல் என்று நினைத்தேன், சிரிப்பு. கோவிந்தராஜ் அண்ணனுக்கும் தோள் குலுங்கியது. அவர் சிரித்து நான் பார்த்து ஒரு வருஷம் இருக்கும். புஷ்பாக்கா ஒன்றும் புரியாமல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஷெட்டு ஆணியில் மாட்டியிருந்த இரும்புக் குறட்டை எடுத்து நீட்டினேன். இவர் சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றி முறுக்கிவிட்டு, குறட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கை செய்த தப்பு என்று தெரிந்த பிறகு அவருக்குத் தயக்கம் இல்லை. பம்பு ஒயரைக் கோவிந்தராஜ் அண்ணன் தானே இறுக்கினார்.

மோட்டாரைப் போட்டதும் படகு சமர்த்தாக முன்னால் நகர்ந்தது.

"ஹாரனு மட்டும் இன்னாத்துக்கு பாய் அப்டி பண்ண?" என்றார் கோவிந்தராஜ் அண்ணன். "திடீர் திடீர்னு கத்த வெச்சி. எனக்கே நெஞ்சு அடிச்சிக்கும்."

இவர் திரும்பினார். "நான் தொடலியே. நீங்கதான?"

"நான் எங்க தொட்டேன்?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன கண்டேன்? அப்போது யாரும் தொடாமல் ஹாரன் பீ என்று ஆரம்பித்தது. இந்தத் தடவை அடங்கவில்லை. விடாமல் கத்தியது. மாடியில் நின்ற ஜனம் எல்லாம் எட்டிப் பார்த்தது. பரந்தாமன் குடையோடு ஓடி வந்து கைப்பிடிச் சுவரில் தொங்கினார்.

நான் வாய்க்குள் ஓத ஆரம்பித்தேன். அப்படியானால் தேவராஜ் சொன்னது பொய்யில்லை. ஒன்று உள்ளே உட்கார்ந்துதான் இருந்திருக்கிறது.

"அது தனி லைனு, மோட்டாருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, பயப்படாத" என்று இவர் சத்தத்துக்கு மேல் கத்தினார். "குறட குடு. வெட்டி உட்டுர்றேன்."

நான் நீட்டினேன். நடுவில் கோவிந்தராஜ் அண்ணனின் கை வந்து தடுத்தது. ஊசி போட்டுப் போட்டுப் புடைத்த அந்தக் கை.

"வெட்டாத பாய். வெட்டிட்டா எங்க ஒதைக்குதுன்னு அப்பால எப்டி கண்டுபுடிக்கிறது? அப்டியே இருக்கட்டும். நான் வந்து பாக்கறேன்."

"கத்திகினே இருக்குமே?"

"கத்தட்டும். நான் வந்து பாக்கறேன்னு சொல்றன்ல."

புஷ்பாக்கா என்னைப் பார்த்தார். மழையில் முகமெல்லாம் நனைந்திருந்தது, எது மழை எது கண்ணீர் என்று எனக்குத் தெரியவில்லை. நான் தலையை ஆட்டினேன்.

படகு ஹாரனைப் போட்டுக்கொண்டே தெருவில் போனது. பள்ளத்தில் தண்ணீர் அதைப் பக்கவாட்டில் இழுத்தது. இவர் மோட்டாரைத் திருப்பிப் பிடித்தார். கோவிந்தராஜ் அண்ணன் கையை நீட்டி நீட்டி ஏதோ திட்டுவது தெரிந்தது, காதில் விழவில்லை. அந்தப் பக்கம் ஏறிவிட்டார்கள். பால் பூத்துக்குப் பின்னால் படகு மறைந்த பிறகும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தாங்க முடியாத சத்தம். நான் அதைக் கேட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றேன்.

அப்புறம் குறட்டை முந்தானையில் துடைத்தேன். வந்ததும் கேட்பார்கள். தண்ணீர் எட்டாத இடமாகப் பார்த்து மாடிப்படியில் வைத்துவிட்டு, டீக்குப் பால் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.